டொங் ஹொய்யின் மண்மதில்

ஹனோவரில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைச்சாலையில்தான் எனக்கு ஜெர்மனியில் முதல் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் கணவரும் அகதி முகாமை விட்டு ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினார். நான் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ட்ராம் ஏறி நகரத்தின் ஓரத்துக்குப் போய், நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பேன்.

அங்கே படுக்கை விரிப்புகளை அழுத்தும் பெரிய உருளை மெஷின் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு பேர் ஈரத் துணியைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிக்க வேண்டும். வாங்கி மடிப்பதில் எனக்கு எதிரே நின்றவர் ஒரு வியட்நாம் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முதல் நாளே என் கையைப் பிடித்துப் பார்த்து, விரல் சுடாமல் துணியின் ஓரத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை 'எம்' என்றார். அவர்களுடைய பாஷையில் அது தங்கச்சி.

எங்களுக்குள் பேச்சு ஜெர்மனில்தான். அக்காவுக்கு வினைச்சொல் வராது. எனக்கு வினைச்சொல்லைத் தவிர வேறொன்றும் வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வசனம் தேறும். அவர் சொன்னவற்றை இங்கே எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

சாப்பாட்டு அறை அலுமாரியின் மேல் ஒரு கொங்கிறீட் துண்டு இருந்தது, ஒரு பக்கம் நீலம் பூசியது. எங்களோடு வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்தி பெர்லின் போய் வந்தபோது கொண்டுவந்து வைத்தாள். பெர்லின் மதில் விழுந்து அப்போது இரண்டு மூன்று வருடம். ஒரு நாள் பாணைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்:

"எங்கட ஊரிலையும் ஒரு மதில் இருக்கு, எம். மண் மதில். இதைக் கட்டினவையின்ர பாட்டனுக்குப் பாட்டன் பிறக்க முன்னம் கட்டினது."

"இப்பவும் இருக்கோ?"

"தெரியாது. நான் கடைசியாப் பார்க்கேக்க எனக்கு ஒன்பது வயசு."

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, விரிப்பு மடிக்கும் நேரங்களில், அந்த மதிலின் கதையைச் சொன்னார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முந்திய கதை. வியட்நாமில் அப்போது அரசர் ஒருவர் பெயருக்கு இருந்தாராம். நாட்டை ஆண்டவை இரண்டு பிரபு வம்சங்கள், ஒன்று வடக்கில், ஒன்று தெற்கில். பெண் கொடுத்து எடுத்த சொந்தக்காரர்கள்தான், ஆனாலும் தீராத பகை. வடக்கில் ஒரு கெட்டிக்காரன் இருந்தான். அவனுடைய தகப்பன் மேடையில் பாடி ஆடிப் பிழைத்தவர் என்பதற்காக அவனை அரச சோதனை எழுத விடவில்லை. அவன் தெற்கே போய்விட்டான். முதலில் எருமை மேய்த்தான். பிறகு அவன் பெயர் தெற்குப் பிரபுவின் காதுக்கு எட்டி, அவருக்கே ஆலோசகன் ஆனான். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நாடு ஒடுங்கிப்போகிற இடம் டொங் ஹொய். அந்த இடுக்கில், வடக்குப் படையை மறிக்க அவன் கட்டுவித்ததுதான் மதில். களிமண்ணும் மரக்குற்றிகளும். மேலே யானை நடக்கும் அகலம். வடக்கிலிருந்து திரும்பத் திரும்பப் படை வந்தும் தெற்கைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் களைத்துச் சண்டை ஓய்ந்த பிறகு ஒரே பாஷை பேசுகிற சனம் நூறு வருடமளவுக்கு இரண்டு நாடாகவே இருந்தது. கட்டுவித்தவனை ஊர் ஆசான் என்று சொன்னது. மதிலுக்கும் ஆசான் மதில் என்றே பெயர்.

"அந்தாளைச் சோதனை எழுத விட்டிருந்தா மதிலே வந்திராது," என்றார் அக்கா.

எனக்கு, தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நினைவுக்கு வந்தன. அதைச் சொல்ல என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை.

என்னுடைய ஊர் குருநகர். யாழ்ப்பாணக் கோட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அது ஒல்லாந்தர் தங்களைக் காக்கக் கட்டிக்கொண்டது. பிறகு வந்தவர்களும் தங்களைத்தான் அதற்குள் காத்துக்கொண்டார்கள். தொண்ணூறில் அதைச் சுற்றிச் சண்டை நடந்தபோது ஷெல் விழுந்து எங்கள் தெருவே கிளம்பி ஓடியது. கோட்டையை நினைத்து எங்கள் ஊரில் யாரும் ஏங்கியதாக எனக்குத் தெரியாது. அக்காவோ அவருடைய மதிலைப் பற்றிச் சொல்லும்போது வீட்டில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்வதைப்போல் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடற்கரைக் கோயில் மணி, கூனி றால் காயும் மணம் என்று எனக்கு ஏங்க எவ்வளவோ இருந்தன. ஏறி நின்று ஊரையே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கவில்லை.

ஏன் அவருக்கு அந்த மதில் மேல் அவ்வளவு ஆசை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் குடும்பமும் எங்களைப்போல் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரர் தோற்று, நாட்டை மறுபடி இரண்டாகப் பிரித்தபோது கோடு டொங் ஹொய்க்குத் தெற்கே விழுந்தது. தெற்கைக் காக்கக் கட்டிய மதில் வடக்குக்குள் போய்விட்டது. கொம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அவர்களுடைய கோயில் பங்குச் சனமே சாமான் சட்டியோடு படகேறித் தெற்கே போனது. அக்காவின் மூத்த சகோதரி போகவில்லை. அவர் வேதத்தில் இல்லாத ஒரு மீன்பிடிக்காரனை விரும்பிக் கட்டியிருந்தார். அவன் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகச் சண்டை போட்ட பக்கத்து ஆள். தகப்பன் அந்த மகளின் பெயரையே வீட்டில் சொல்ல விடுவதில்லை.

"படகு வெளிக்கிடேக்க அவ மதிலுக்கு மேல வந்து நிண்டவ. கை காட்டேல்லை. அப்பா பார்த்திடுவார் எண்டு. சும்மா நிண்டவ. ஆறு வளையிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது."

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. யுத்தம் வந்தது. டொங் ஹொய்யில் குண்டு விழாத இடமில்லை என்று தெற்கில் ரேடியோவில் கேட்டாராம். தெற்கும் விழுந்த பிறகு அக்கா கணவனோடும் மகனோடும் இன்னொரு படகில் ஏறினார். கடலில் ஒரு ஜெர்மன் கப்பல் ஏற்றியது. கணவர் ஹனோவர் வந்த சில வருடங்களில் காலமானார். மகன் வேலையென்று வேறு நகரத்துக்குப் போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னை ஸ்டேசனுக்குப் பின்னால் புதிதாகத் திறந்த ஆசியாக் கடைக்குக் கூட்டிப்போனார். எனக்குக் கருவாடு வேண்டும், அவருக்கு மீன் சோஸ். கல்லாவில் முப்பது வயதளவில் ஒரு பெடியன் நின்றான். சாமான்களைப் பைக்குள் போட்டுவிட்டு அக்காவிடம் என்னவோ கேட்டான். அதில் ஒரு சொல் 'ஓ' என்று விழுந்தது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' போல எனக்குக் கேட்டதால் நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையில் பையைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

மற்ற ஊர்களில் மாமியைக் 'கோ' என்று கூப்பிடுவார்களாம். 'ஓ' என்பது அவருடைய ஊர்ப்பக்கம் மட்டும் புழங்குகிற சொல். அக்கா அதைக் கேட்டு எத்தனையோ வருடம். எனக்கு அது விளங்கியது. முகாமில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இருந்தும், ஒருநாள் வரிசையில் பின்னால் யாரோ, எங்கட ஊர்ப்பக்கம் அம்மாமாரைக் கூப்பிடுவதுபோல், 'எணேய்' என்று கூப்பிட்டபோது நானும் அப்படித்தான் நின்றேன்.

பெடியன் டொங் ஹொய்க்காரன்தான். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் ஒப்பந்தத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வந்தவன். மதில் விழுந்ததோடு தொழிற்சாலையும் மூட, மேற்குக்கு வந்து கடையில் நின்றான். இதைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறியது. அந்த நாட்களில் ஜெர்மனியில் இருந்த வியட்நாம்காரருக்குள்ளும் இரண்டு பக்கம் இருந்தது. படகில் தப்பி வந்தவர்கள் ஒரு பக்கம், வடக்கு அரசாங்கம் அனுப்பி வந்தவர்கள் மறுபக்கம். ஒருவர் கடையில் மற்றவர் வாங்கமாட்டார். ஆனாலும் ஊர்ப் பேச்சு அவரை விடவில்லை. அடுத்த சனியும் போனோம். அதற்கடுத்த சனியும் போனோம். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, எனக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனில் மதிலைப் பற்றிக் கேட்டார்.

"மதிலோ?" என்றான் பெடியன். "கொஞ்சம் கிடக்கு. ரோட்டுக்கு வெட்டினது போக, சனம் மண் எடுத்தது போக."

"மண் எடுத்ததோ? ஆர் எடுத்தது?"

"எல்லாரும்தான். நாங்களும் எடுத்தனாங்கள்."

அக்கா வியட்நாம் மொழியில் கத்தத் தொடங்கினார். சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என்ன சொன்னார், அவன் என்ன சொன்னான் என்பதையெல்லாம் வெளியே ட்ராம் நிறுத்தத்தில் எனக்குச் சொன்னார். முந்நூறு வருடம் நின்றதை மூடர்கள் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாராம். அவன் சத்தம் போடாமல் பதில் சொன்னானாம்: "குண்டு விழுந்து ஊர் முழுக்கப் பள்ளம், ஓ. எதாலை நிரப்புறது? மதிலிலதான் மண் இருந்தது. நான் நடக்கப் பழகினதே அந்த மதிலைக் குடைஞ்சு வெட்டின பங்கருக்குள்ளதான். அதில்லாட்டி நான் இண்டைக்கு உங்களுக்கு மீன் சோஸ் விக்க இருந்திரமாட்டன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறான்," என்றேன்.

"சரியாத்தான் சொன்னவன். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு," என்றார்.

பல வாரம் கடைப்பக்கம் போகவில்லை. மீன் சோஸுக்கு வேறு கடைக்குப் போனார். ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தபோது பெடியன் சலவைச்சாலை வாசலில், மழைக்குள், காய்ந்த கணவாய்ப் பொட்டலம் ஒன்றோடு நின்றான். அக்காவைக் கண்டதும் இரண்டு கையாலும் நீட்டினான். அவனுடைய தமையன் டொங் ஹொய்யில் இருக்கிறானாம். அக்கா கோபத்தில் கத்தியபோது 'அம்பத்து நாலில நாங்கள் படகேறேக்க என்ர அக்கா ஏறி நிண்ட மதில்' என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவன் தமையனுக்கு எடுத்துச் சொல்லி, படகுக்காரர் குடியிருப்பில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். அம்பத்து நாலில் வேதக்காரக் குடும்பம் விட்டுப்போன ஒரு கிழவி ஆற்றோரத்தில் இருக்கிறாவாம். புருசன் யுத்தத்தில் செத்துப்போனார். ஒரு மகளோடு இருக்கிறா.

அக்கா பொட்டலத்தை வாங்கவில்லை. அவனுடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் பொட்டலத்தை வாங்கினேன்.

ஊரில் வீட்டுக்கு வீடு டெலிபோன் இல்லாத காலம். தமையன் கிழவியைத் தபால் கந்தோருக்குக் கூட்டிவர, இங்கிருந்து குறித்த நேரத்துக்கு எடுக்க வேண்டும். அவர்களுக்கு மத்தியானம், எங்களுக்குக் காலை. அன்றைக்கு எங்களுக்குப் பின்னேர வேலை. அக்காவின் வீட்டுக்கு நானும் பெடியனும் போயிருந்தோம். அவர் பூசைக்குப் போவதுபோல் உடுத்தியிருந்தார். நம்பர் சுற்றும்போது விரல் தவறித் தவறிப் போக, பெடியன் சுற்றிக் கொடுத்தான்.

இணைப்புக் கிடைத்தது. அக்கா பேசினார். கொஞ்ச நேரம் கேட்டார். மறுபடி பேசினார், இந்த முறை கெஞ்சுவதுபோல். நான் பெடியனைப் பார்த்தேன்.

"நம்புறா இல்லை," என்றான் மெல்ல. "என்ர தங்கச்சி இப்பிடிக் கதைக்கமாட்டா, நீ தெற்காள், ஆரோ ஏமாத்திறியள் எண்டு சொல்லுறா."

நாற்பது வருடம் தெற்குப் பேச்சுப் பேசி, தெற்காளைக் கட்டி, அக்காவின் நாக்கு மாறிப்போயிருந்தது. அவருக்கே அது தெரியாது. டெலிபோனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு மறுபடி காதில் வைத்து, மெல்ல, சின்னப் பிள்ளையின் குரலில் இரண்டே சொல் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் இருந்த இடத்துக்கே கேட்கும்படி அழுகை கேட்டது.

அந்த இரண்டு சொல்லுக்கு 'எருமை முதுகு' என்று அர்த்தம். ஊர் முழுக்க ஆசான் மதில் என்று சொன்னதை இவர்கள் இரண்டு பேரும் மட்டும், மதிலுக்கு வெளியே அகழியோரத்தில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து பார்த்து, படுத்திருக்கிற எருமையின் முதுகு என்று பெயர் வைத்திருந்தார்களாம். வேறு ஒருத்தருக்கும் தெரியாத பெயர்.

அடுத்த வியட்நாம் புதுவருசத்துக்கு அக்கா ஊருக்குப் போனார். அவரிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. நான் ஸ்டேசன் வரைக்கும் போய் வழியனுப்பினேன். எங்களிடம் இருந்தது டுல்டுங் என்ற கடதாசி. திருப்பி அனுப்பாமல் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு மியூனிக்கில் இருந்த என் தம்பியைப் பார்க்கப் போவதற்கே அனுமதி கேட்க வேண்டும். ரெயில் போன பிறகும் நான் பிளாட்போர்மில் நின்றேன். அக்கா போகிறார் என்ற சந்தோசம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் ஊர் நினைவு. குருநகருக்கு இப்படி ஒரு ரெயில் இருந்தால் சாமான் ஒன்றும் இல்லாமல், போட்டிருக்கிற சப்பாத்தோடு ஏறியிருப்பேன்.

அவர் இல்லாத வாரங்களில் விரிப்பு மடிக்க வேறு ஒருத்தி எதிரே நின்றாள். நல்லவள்தான். ஆனால் பேச்சில்லை. மெஷின் இரைச்சல் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு நேரே வந்தார். என் கணவர் தேத்தண்ணி போட்டார். அக்கா சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சகோதரிக்கு இடுப்பு வளைந்துவிட்டது. கண் நல்ல தெளிவு. வாசலில் நின்று அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிட்டிருக்கிறாய்," என்றாராம். அவ்வளவுதான் முதல் பேச்சு. அவர்கள் முன்பு இருந்த வீட்டில் ஒரு கல்லும் இல்லை. கோயிலில் மணிக்கூண்டு மட்டும் ஓட்டை ஓட்டையாய் நின்றது. பழைய மதில் வாசலை அரசாங்கம் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தது.

"மதில்?" என்றேன்.

"உயரமாக் கிடக்கு, எம். நான் நினைச்சு வைச்சதிலும் உயரம். சுத்திவர இருந்த பழைய மரம், மாடி வீடு எல்லாம் போயிட்டுது. அது மட்டும்தான் நிமிர்ந்து கிடக்கு. மேல சனம் மரவள்ளி நட்டிருக்கினம்."

பிறகு கொஞ்சம் சிரித்தார். சகோதரியின் வீட்டு நிலம் பக்கத்து வீடுகளைவிட ஒரு முழம் உயரமாம். வெள்ளம் வராது. ஏன் என்று கேட்டதற்கு, "எருமை முதுகிலயிருந்து அள்ளினதுதான். புருசன் செத்த பிறகு நானும் மகளும் கூடை கூடையாச் சுமந்தம்," என்றாராம். அக்காவுக்குப் பெடியனைத் திட்டியது நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த மண் மேல் பாய் போட்டு, சகோதரியின் பக்கத்தில் ஊரில் நின்ற அத்தனை இரவும் படுத்திருக்கிறார்.

"அப்ப அங்கையே இருக்கலாமே," என்றார் என் கணவர்.

அக்கா இல்லையென்று தலையாட்டினார். "ஏலாது. சந்தையில என்னைச் சைகோன்காரி எண்டு நினைச்சுக் கூடவிலை சொல்லுகினம். ஏதும் கதைச்சா அக்காவின்ர மகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். நான் அங்கத்தைய ஆள் இல்லை. ஆனா அங்கை போகாமலும் இருக்க ஏலாது."

அந்த வருடம் பனிக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே நாளில் மழைக்குள் வெளிக்கிட்டு நடந்தது. ஊரில் இருந்த அம்மாவும் நடந்தா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. வாரக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் வேலை முடிய என்னோடு ட்ராமில் வந்து, சமைத்து வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். ஆறுதல் சொல்லவில்லை. "உனக்கு வாசனை தெரிஞ்ச சோறு சாப்பிடு," என்று எங்கள் மிளகாய்த்தூளில் என்னவோ ஒரு குழம்பு வைப்பார். வாயில் வைக்க முடியாது. சாப்பிட்டேன். கடைப் பெடியன் அரிசி கொண்டுவந்து தருவான். அவனுக்கும் அந்த நேரம் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அவனோடு வெளிநாட்டவர் கந்தோருக்கு, அவர்கள் நாள் குறித்துத் தரும் ஒவ்வொரு டெர்மினுக்கும், போனவர் அக்காதான். வடக்கு ஆட்களின் கடையில் வாங்காத அவருடைய சிநேகிதிகள் கேட்டபோது, "அவன் என்னை ஓ எண்டு கூப்பிடுறவன்," என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வருடம் இழுபட்டு, இருக்கலாம் என்று முடிவு வந்தது.

அம்மா உயிரோடு இருக்கிறா என்று முன்னமே ஒரு கடிதம் வந்திருந்தாலும், எனக்கு அம்மாவின் குரல் கிடைத்தது அந்த முடிவுக்குக் கொஞ்சம் முந்தி. அவ ஊருக்குத் திரும்பி, பிறகு ஒரு சொந்தக்காரரோடு கப்பலில் திருகோணமலை வந்து கொழும்பு சேர்ந்திருந்தா. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்று டெலிபோன் எடுக்கச் சொல்லியிருந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எடுத்தேன். அக்காவும் எங்கள் வீட்டில் இருந்தார்.

வீடு இருக்கோ என்று கேட்டேன். சுவர் இருக்கு, கூரையில்லை என்றா. கிணறு? கிணறு இருக்கு, தண்ணி இறைச்சா நல்லாகும் என்றா. கோயில்? மணி அடிக்குது பிள்ளை என்றா. நான் டெலிபோனைக் காதிலிருந்து இறக்கிவிட்டேன். அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து டெலிபோனை வாங்கினார். அந்தத் தமிழை எங்கே, எப்போது பொறுக்கி வைத்தாரோ தெரியாது.

"அம்மா, சுகமோ?" என்றார்.

அந்தப் பக்கம் அம்மா என்னவோ நீளமாகச் சொன்னா. அக்கா ஒன்றும் விளங்காமல், ஒவ்வொரு இடைவெளிக்கும் "ஓம் அம்மா, ஓம் அம்மா," என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். பிறகு டெலிபோனை என்னிடம் தந்தார்.

"ஆர் பிள்ளை அது?" என்றா அம்மா. "கதை ஒரு மாதிரிக் கிடக்கு. தீவுப்பக்கத்து ஆளோ?"

"இல்லையம்மா. என்னோட வேலை செய்யிற அக்கா."

"நல்ல பிள்ளை. நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டவ," என்றா அம்மா.